அணுக்கருவுக்குள் எண் கோட்பாடு நுழைந்த இரண்டு வழிகள்

1972ஆம் ஆண்டு, பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தின் தேநீர் வேளையில், ஹியூ மாண்ட்கோமரி என்ற இளம் எண் கோட்பாட்டாளரும் ஃப்ரீமன் டைசன் என்ற இயற்பியலாளரும் சில நிமிடங்கள் பேசிக்கொண்டார்கள். பகா எண்களின் பரவலை ஆளும் ரீமன் சுழியங்களுக்காக மாண்ட்கோமரி கண்டிருந்த வாய்பாடும், கனமான அணுக்கருக்களின் ஆற்றல் மட்டங்களை ஆராயப்போய் டைசன் பத்தாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்த வாய்பாடும் ஒன்றே என்பது அந்தச் சில நிமிடங்களில் தெரியவந்தது. அறிவியல் எழுத்தில் இந்தக் கதை எத்தனையோ முறை சொல்லப்பட்டுவிட்டது. சொல்லத் தகுந்த கதைதான். ஆனால் அது சொல்லப்படும் விதத்தில் எனக்கு இரண்டு மனக்குறைகள் உண்டு. அணுக்கரு இயற்பியலும் எண் கோட்பாடும் சந்தித்த முதல் தருணம் அதுவே என்பதுபோல் எழுதுகிறார்கள். 35 ஆண்டுகளுக்கு முன்பே, 1937இல், ராமானுஜனின் பெயரோடு எண் கோட்பாடு அணுக்கருவுக்குள் நுழைந்துவிட்டிருந்தது. அடுத்தது, ரீமன் சுழியங்கள் யுரேனியத்தின் மட்டங்களைப் போலவே அமைந்திருக்கின்றன என்று எழுதுகிறார்கள். கூர்ந்து பார்த்தால் அவை யுரேனியத்தைப் போல அமைந்திருக்கவில்லை, அந்த வேறுபாட்டில்தான் விஷயத்தின் சாரமே இருக்கிறது. இரண்டையும் ஒரே கட்டுரையில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

முதலில் அணுக்கருவைப் பார்ப்போம். யுரேனியம் 238இன்மீது மெதுவான நியூட்ரான்களைச் செலுத்தி, அவற்றின் ஆற்றலைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், பெரும்பாலான ஆற்றல்களில் அணுக்கரு அவற்றை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. 6.67 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) வந்ததும் திடீரென்று விழுங்கத் தொடங்குகிறது. அதன்பின் 20.9, 36.7, 66.0, 80.7, 102.6 என்று ஒவ்வோர் இடத்திலும் அதே விழுங்கல் நிகழ்கிறது. இவற்றை ஒத்ததிர்வுகள் என்கிறோம். இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் செய்தியும் அன்று: இயற்கை யுரேனியத்தில் ஓடும் அணு உலைகளில், கல்பாக்கத்தின் கனநீர் உலைகளிலும்கூட, எரிபொருள் சூடேறும்போது இந்த ஒத்ததிர்வுக் கோடுகள் அகன்று கூடுதலான நியூட்ரான்களைப் பிடித்துக்கொள்வதை வடிவமைப்பாளர்கள் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

உள்ளே நுழையும் நியூட்ரானின் சொந்த ஆற்றல் அற்பமானது என்றாலும், அது பிணையும்போது ஏறத்தாழ 48 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் அணுக்கருவுக்குள் வெளிப்படுகிறது. ஆகவே மேலே சொன்ன கோடுகள், யுரேனியம் 239 என்ற கூட்டு அணுக்கருவின் மிக உயரத்திலுள்ள மட்டங்களைக் காட்டுகின்றன. யுரேனியம் 238இல் தரைமட்டத்துக்கு அடுத்த முதல் மட்டம் ஏறத்தாழ 45,000 எலக்ட்ரான் வோல்ட் உயரத்தில் இருக்கிறது. 48 லட்சத்தை எட்டும்போதோ, ஒரே வகையைச் சேர்ந்த மட்டங்களை மட்டும் எண்ணினாலும், அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே சராசரியாக இருபது எலக்ட்ரான் வோல்ட் அளவே இடைவெளி எஞ்சுகிறது. மேலே ஏற ஏறப் படிகள் இவ்வளவு நெருக்கமாகிவிடும் ஏணியைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கலாம்: ஓர் உயரத்தில் எத்தனை படிகள் இருக்கும், அந்தப் படிகள் தமக்குள் எப்படி இடைவெளி விட்டு நிற்கும். இந்த இரண்டு கேள்விகளும் இயற்பியலாளர்களை எண் கோட்பாட்டின் இரு வேறு அறைகளுக்கு அழைத்துச் சென்றன.

முதல் கேள்விக்கு 1936இல் ஹான்ஸ் பெத்தே விடை கண்டார். மட்டங்களின் அடர்த்தி, ஆற்றலின் வர்க்கமூலத்தை அடுக்காகக் கொண்டு பெருகுகிறது என்பது அவருடைய முடிவு. அதன் பின்னணியில் இருப்பது ஒரு பழைய எண்ணல் கணக்கு என்பதைச் சிறிய எடுத்துக்காட்டிலேயே காட்டிவிடலாம். சம இடைவெளியில் அமைந்த அறைகளில், அறைக்கு ஒன்றாக, அடியிலிருந்து ஓர் எல்லை வரை துகள்கள் நிரம்பியிருப்பதாகக் கொள்வோம். ஓர் அறையில் இரண்டு துகள்கள் இருக்க முடியாது என்பது பவுலியின் விதி. இந்த அமைப்புக்கு 4 அலகு ஆற்றல் கொடுத்தால் எத்தனை விதமாக அது கிளர்ச்சியடைய முடியும்? உச்சியில் உள்ள துகள் மட்டும் 4 அறை ஏறலாம். உச்சித் துகள் 3, அதற்கு அடுத்தது 1 ஏறலாம். இரண்டும் ஆளுக்கு 2 ஏறலாம். முதலாவது 2, அடுத்த இரண்டும் ஒவ்வொன்று ஏறலாம். அல்லது மேலிருந்து நான்கு துகள்களும் ஒவ்வோர் அறை ஏறலாம். மேலே உள்ளது கீழே உள்ளதைவிடக் குறையாமல் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் எந்த இரண்டும் ஒரே அறையில் மோதிக்கொள்வதில்லை. எனவே கிளர்ச்சி நிலைகளின் எண்ணிக்கை, 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று பிரிக்கும் வழிகளின் எண்ணிக்கையேதான். அது 5. எந்த ஆற்றலுக்கும் இதுவே பொருந்தும்: அந்த எண்ணுக்கு எத்தனை பிரிவினைகளோ அத்தனை நிலைகள்.

பிரிவினைகளின் எண்ணிக்கை எவ்வளவு விரைவாகப் பெருகும் என்பதை 1918இல் ஹார்டியும் ராமானுஜனும் கண்டுபிடித்திருந்தார்கள். 10ஐப் பிரிக்க 42 வழிகள், 100ஐப் பிரிக்க 19,05,69,292 வழிகள், 200ஐப் பிரிக்க 39,72,99,90,29,388 வழிகள். இந்தக் கடைசி எண்ணை மேஜர் மக்மேஹன் என்ற கணிதவியலாளர் கையால் கணக்கிட்டு வைத்திருக்க, அவர்களுடைய தொடரின் எட்டே உறுப்புகள் அதை ஒன்றில் நூறில் ஒரு பங்குகூடப் பிசகாமல் தந்தன. அவர்களின் வாய்பாட்டிலும் முதன்மையான உறுப்பு, எண்ணின் வர்க்கமூலத்தை அடுக்காகக் கொண்டதுதான். சம இடைவெளி மாதிரியைப் பெத்தேயின் வாய்பாட்டில் பொருத்தினால் அடுக்கில் வரும் மாறிலி உட்பட ராமானுஜனின் வாய்பாடு அப்படியே கிடைக்கிறது. 1937இல் நீல்ஸ் போரும் ஃபிரிட்ஸ் கால்கரும் அணுக்கரு மோதல்களைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில் ஹார்டி–ராமானுஜன் வாய்பாட்டை எடுத்தாண்டார்கள். அதே ஆண்டு வான் லியரும் உலன்பெக்கும் அணுக்கரு மட்டங்களின் அடர்த்தியைப் பிரிவினைக் கணக்கோடு இணைத்தார்கள். 1946இல் அவுலுக்கும் கோத்தாரியும் புள்ளியியல் இயந்திரவியலின் பக்கமிருந்து எண் பிரிவினைகளை அணுகினார்கள். 2004இல் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் எம். வி. என். மூர்த்தி, தம் சக ஆய்வாளர்களோடு மீண்டும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். ராமானுஜன் இறந்தது 1920இல். நியூட்ரான் கண்டுபிடிக்கப்பட்டது 1932இல். நியூட்ரானையே அறியாத ஒருவருடைய வாய்பாடு, நியூட்ரானை விழுங்கிய அணுக்கருவில் எத்தனை மட்டங்கள் என்பதற்கு உதவியது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு மகிழ்ச்சி குறைவதில்லை.

இங்கே டைசனின் இளமைக்கால வேலை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அவர் எண் கோட்பாட்டில் தொடங்கியவர். கேம்பிரிட்ஜ் மாணவராயிருந்து வெளிவந்த காலத்தில், 1944இல், அங்குள்ள மாணவர் கணித இதழில் பிரிவினைகளைப் பற்றிச் சில ஊகங்களை வெளியிட்டார். 4, 9, 14 என்று 5ஆல் வகுக்க 4 மீதி வரும் எந்த எண்ணின் பிரிவினைகளின் எண்ணிக்கையும் 5இன் மடங்காகவே இருக்கும் என்று ராமானுஜன் நிறுவியிருந்தார். ஆனால் அந்தப் பிரிவினைகளை ஐந்து சமக் குழுக்களாகப் பகுத்துக் காட்டும் வழி யாருக்கும் தெரியவில்லை. டைசன் முன்வைத்த வழி மிக எளியது: ஒரு பிரிவினையின் மிகப் பெரிய பகுதியிலிருந்து பகுதிகளின் எண்ணிக்கையைக் கழித்து, வருவதை 5ஆல் வகுத்து மீதியைப் பாருங்கள். மேலே சொன்ன ஐந்து பிரிவினைகளுக்கும் முறையே 3, 1, 0, −1, −3 கிடைக்கும். 5ஆல் வகுத்த மீதிகள் 3, 1, 0, 4, 2. ஐந்தும் வெவ்வேறு. இது எப்போதும் செல்லும் என்பதை 1954இல் அட்கினும் ஸ்வின்னர்ட்டன்-டையரும் நிறுவினார்கள். அணுக்கருவின் கண்கொண்டு பார்த்தால் டைசனின் இந்த எண்ணுக்கு அழகான பொருள் ஒன்று உண்டு. மிகப் பெரிய பகுதி என்பது உச்சித் துகள் ஏறிய உயரம். பகுதிகளின் எண்ணிக்கை என்பது துகள்கள் விட்டுச்சென்ற வெற்றிடங்களில் மிக ஆழமானது எல்லையிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்பது. ஆகவே அவர் கழித்துப் பார்த்தது, மேலேறிய துகளுக்கும் கீழே விழுந்த பள்ளத்துக்கும் இடையிலான சமனின்மையை. துகளையும் வெற்றிடத்தையும் இடம் மாற்றிக்கொண்டால் அந்த எண் குறி மட்டும் மாறுகிறது.

இந்த முதல் சந்திப்பில் மர்மம் எதுவும் இல்லை. பவுலியின் விதியை எழுதிவைத்து எண்ணத் தொடங்கினால் பிரிவினைகள் தாமாகவே வந்துவிடுகின்றன. ஏன் வருகின்றன என்பதை ஒரு பத்தியில் விளக்கிவிட முடிகிறது. இரண்டாவது சந்திப்பு அப்படிப்பட்டதன்று.

இரண்டாவது கேள்வி, படிகள் தமக்குள் எப்படி நிற்கின்றன என்பது. மேலே கொடுத்த ஒத்ததிர்வுகளின் இடைவெளிகளைக் கழித்துப் பார்த்தால் ஏறத்தாழ 14, 16, 29, 15, 22 என்று வருகின்றன. ஒழுங்கு இல்லை, ஆனாலும் ஒன்றன்மேல் ஒன்றாக மட்டங்கள் குவிவதும் இல்லை. இருநூற்றுக்கும் மேற்பட்ட துகள்கள் ஒன்றோடொன்று முட்டிமோதும் அணுக்கருவின் ஆற்றல் அணியை (அதன் ஆற்றலை விவரிக்கும் எண்களின் சதுரக் கட்டத்தை) துல்லியமாக எழுதித் தீர்ப்பது இயலாத காரியம். 1950களில் யூஜின் விக்னர் துணிந்து ஒரு வழியைச் சொன்னார்: அணியின் உறுப்புகளைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, அவற்றைச் சமவாய்ப்பாக எடுத்துக்கொள்வோம், அணியின் சமச்சீரை மட்டும் காப்பாற்றுவோம், அப்படிப்பட்ட அணிகளின் ஐகன் மதிப்புகள், அதாவது ஆற்றல் மட்டங்களின் இடத்தில் நிற்கும் எண்கள், எப்படி அமைகின்றன என்று பார்ப்போம்.

இரண்டுக்கு இரண்டு அணியிலேயே இதன் சாரம் தெரிந்துவிடுகிறது. மூலைவிட்டத்தில் அ, ஆ என்ற இரண்டு எண்களும், மற்ற இரு இடங்களிலும் இ என்ற ஒரே எண்ணும் இருக்கட்டும். இரண்டு ஐகன் மதிப்புகளுக்கும் இடையிலான வேறுபாடு, (அ−ஆ)இன் வர்க்கத்தையும் இ-யின் வர்க்கத்தின் நான்கு மடங்கையும் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் வருவது. இது சுழியாக வேண்டுமென்றால் அ-வும் ஆ-வும் சமமாக இருப்பதோடு இ-யும் சுழியாக வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு தற்செயல்கள் கூடிவர வேண்டும். அதனால் மிகச் சிறிய இடைவெளிகளின் வாய்ப்பு, இடைவெளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் சுழியை நோக்கிச் சரிகிறது. மட்டங்கள் ஒன்றையொன்று விலக்குகின்றன என்று இயற்பியலாளர்கள் சொல்வது இதைத்தான். இதை அடிப்படையாகக் கொண்டு 1956இல் டென்னசி மாநிலத்தின் கேட்லின்பர்க் நகரில் நடந்த கூட்டத்தில் விக்னர் ஊகித்துச் சொன்ன இடைவெளிப் பரவல், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நெவிஸ் ஆய்வகம் போன்ற இடங்களில் அளக்கப்பட்ட நியூட்ரான் ஒத்ததிர்வுகளோடு வியக்கத்தக்க அளவில் ஒத்துப்போனது. அதைக் கறாரான கணிதமாக்கியவர்களில் மதன் லால் மேத்தா என்ற இந்தியரும் மிஷெல் கோதானும் முதன்மையானவர்கள். 1962இல் டைசன் வரிசையாக எழுதிய கட்டுரைகளில், இயற்கையின் சமச்சீர்கள் அனுமதிக்கும் சமவாய்ப்பு அணிகள் மூன்றே வகைப்படும் என்று காட்டினார்.

அந்த மூன்றில் இரண்டு நமக்கு முக்கியம். காலத்தின் திசையைத் திருப்பினாலும் மாறாத அமைப்புகளுக்கு அணியின் உறுப்புகள் மெய்யெண்கள். அணுக்கரு விசைகள் இந்த வகையைச் சேர்ந்தவை. காலத்தைத் திருப்பினால் மாறிவிடும் அமைப்புகளுக்கு, உதாரணமாகக் காந்தப்புலத்தில் சிக்கிய எலக்ட்ரானுக்கு, உறுப்புகள் சிக்கலெண்கள். அப்போது இ என்பது மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என்று இரண்டு எண்களாகிவிடுகிறது. இரண்டு மட்டங்கள் சேர வேண்டுமானால் மூன்று தற்செயல்கள் ஒரே நேரத்தில் நிகழ வேண்டும். சிறிய இடைவெளிகளின் வாய்ப்பு, இடைவெளியின் வர்க்கத்துக்கு ஏற்பச் சரிகிறது. விலக்கம் இன்னும் கடுமையாகிறது.

இப்போது எண் கோட்பாட்டுக்கு வருவோம். பகா எண்கள் எங்கெங்கே விழுகின்றன என்பதைச் சீட்டா சார்பு என்ற கணிதச் சார்பின் சுழியங்கள், அதாவது அதன் மதிப்பு சுழியாகும் இடங்கள், தீர்மானிக்கின்றன என்று 1859இல் பெர்ன்ஹார்ட் ரீமன் காட்டினார். எளிதில் தெரிந்துவிடும் சுழியங்களை விட்டுவிட்டால் எஞ்சும் 'அற்பமற்ற' சுழியங்கள் அனைத்தும் ஒரே செங்குத்துக் கோட்டில் அமைந்திருக்கும் என்பது அவருடைய கருதுகோள். அது இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. அந்தக் கோட்டில் சுழியங்களின் உயரங்கள் 14.13, 21.02, 25.01, 30.42, 32.94, 37.59, 40.92, 43.33, 48.01, 49.77 என்று போகின்றன. உயரம் கூடக்கூட அவை நெருங்கும் வேகம் நன்கு தெரிந்ததே. அடர்த்தி, உயரத்தின் மடக்கையைப் போலக் கூடுகிறது. தெரியாதது இடைவெளிகளின் நடத்தை. ரீமன் கருதுகோளை ஏற்றுக்கொண்டு, ஒரு சுழியத்திலிருந்து சராசரி இடைவெளியின் இத்தனை மடங்கு தொலைவில் இன்னொரு சுழியம் இருக்கும் வாய்ப்பு என்ன என்று மாண்ட்கோமரி ஆராய்ந்தார். அந்தத் தொலைவைப் பையால் பெருக்கி, வருவதன் சைனை அதே எண்ணால் வகுத்து, வர்க்கமாக்கி, 1இலிருந்து கழிக்க வேண்டும் என்பது அவர் கண்ட விடை. இதில் ஒரு பகுதியை மட்டுமே அவரால் நிறுவ முடிந்தது, எஞ்சியது ஊகம்.

எண் கோட்பாட்டாளர் அட்லி செல்பெர்கிடம் இதைக் காட்டுவதற்காகத்தான் அவர் பிரின்ஸ்டன் போயிருந்தார். தேநீர் வேளையில் அவரை டைசனுக்கு அறிமுகப்படுத்தியே தீருவது என்று நின்றவர் சர்வதமன் சௌலா என்ற இந்திய எண் கோட்பாட்டாளர். என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று டைசன் கேட்க, மாண்ட்கோமரி வாய்பாட்டைச் சொல்ல, சமவாய்ப்புச் சிக்கலெண் அணிகளின் ஐகன் மதிப்புகளுக்கு உரிய வாய்பாடு அதுவே என்று டைசன் உடனே அடையாளம் கண்டார். சமவாய்ப்பு அணிகளைப் பற்றிய மேத்தாவின் நூலைப் பார்க்கும்படியும் குறிப்பெழுதிக் கொடுத்தார். சௌலா பிடிவாதம் பிடிக்காமல் விட்டிருந்தால் இந்த இரண்டு வாய்பாடுகளும் எப்போது ஒன்றையொன்று பார்த்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. அந்தத் தேநீர்க் கதையில் சௌலாவின் பெயர் பல இடங்களில் விடுபட்டுப்போவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சிக்கலெண் அணிகள் என்பதைக் கவனிக்க வேண்டும். யுரேனியத்துக்கு உரியவை மெய்யெண் அணிகள். 1980களின் தொடக்கத்தில் ஹக், அகிலேஷ் பாண்டே, போகிகாஸ் மூவரும் பல அணுக்கருக்களின் ஒத்ததிர்வுகளைத் திரட்டி ஒன்றாக ஆராய்ந்தபோது, அவை மெய்யெண் அணிகளின் கணிப்போடு மிக நெருக்கமாகப் பொருந்தின. அணுக்கருவுக்குள் காலத்தின் சமச்சீர் சற்றேனும் உடைந்திருந்தால் இடைவெளிகள் சிக்கலெண் அணியின் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அப்படிச் சாயாததைக் கொண்டே, அந்த உடைவு எவ்வளவுக்கு மேல் இருக்க முடியாது என்று பிரெஞ்ச், கோட்டா, பாண்டே, டாம்சோவிக் நால்வரும் 1985இல் வரம்பு கட்டினார்கள். ஆகவே ரீமனின் சுழியங்கள் ஒத்திருப்பது நாம் அளந்த எந்த அணுக்கருவையும் அன்று. காலத்தைத் திருப்பினால் மாறிவிடக்கூடிய, இதுவரை யாரும் கண்டிராத ஓர் அமைப்பை அவை ஒத்திருக்கின்றன.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஓர் எடுத்துக்காட்டில் கணக்கிட்டுப் பார்க்கலாம். 7005.063, 7005.101 என்ற உயரங்களில் இரண்டு சுழியங்கள் விதிவிலக்காக நெருங்கி நிற்பதை 1956இல் டெரிக் ஹென்றி லேமர் கவனித்தார். அவை 6709ஆவது, 6710ஆவது சுழியங்கள். அந்த உயரத்தில் சராசரி இடைவெளி ஏறத்தாழ 0.9, இந்த இணையின் இடைவெளியோ அதில் 0.042 பங்கு. சுழியங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சிதறிக்கிடப்பவையாக இருந்தால் 24 இடைவெளிகளில் ஒன்று இவ்வளவு சிறிதாக இருந்தாக வேண்டும். அதில் வியக்க ஒன்றுமிராது. யுரேனியத்தைப் போன்ற மெய்யெண் அணிகளில் ஏறத்தாழ 700இல் ஒன்று இப்படி வரும். அந்த இடத்தை அடைவதற்குள் இதுபோன்ற இணைகள் பத்துக்கு அருகில் தென்பட்டிருக்கும். சிக்கலெண் அணிகளில் ஏறத்தாழ 12,000இல் ஒன்றுதான். ஆறாயிரத்து எழுநூறு சுழியங்களைக் கடந்து அப்படியோர் இணை எதிர்ப்பட்டது என்பது, இந்த மூன்று கணிப்புகளில் எதற்கு நெருக்கமானது என்று வாசகரே பார்த்துக்கொள்ளலாம்.

ஒற்றை இணையை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது. அந்த வேலையை ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ செய்தார். பெல் ஆய்வகத்தில் இருந்தபோது, ஒரு லட்சம் கோடியாவது சுழியத்தின் அக்கம்பக்கத்தில் ஒரு லட்சம் சுழியங்களைக் கணக்கிட்டு 1987இல் வெளியிட்டார். பின்னர் இன்னும் பல மடங்கு உயரத்துக்கும் போனார். அடுத்தடுத்த சுழியங்களின் இடைவெளிகள் சிக்கலெண் அணிகளின் வளைகோட்டின்மீது கண்ணுக்கு வேறுபாடு தெரியாதபடி படிந்தன. ஆனால் தொலைவிலுள்ள சுழியங்களை ஒப்பிட்டபோது பொருத்தம் குலைந்தது. எனக்கு அந்தப் பொருத்தத்தைவிட இந்தப் பொருத்தமின்மைதான் அதிகம் பிடித்தது. சமவாய்ப்பு அணிக்கு எந்த நினைவும் கிடையாது. சுழியங்களோ பகா எண்களை நினைவில் வைத்திருக்கின்றன. சுழியங்களின் வரிசையை ஃபூரியே முறையில், அதாவது அதில் ஒளிந்திருக்கும் அலைகளாக, பகுத்தால் 2, 3, 4, 5, 7, 8, 9 ஆகியவற்றின் மடக்கைகள் விழும் இடங்களில் கூர்முனைகள் எழுகின்றன. 6இன் இடத்தில் ஒன்றுமில்லை. அது பகா எண்ணும் அன்று, ஒரு பகா எண்ணின் அடுக்கும் அன்று.

பிரிஸ்டல் நகரின் மைக்கேல் பெரி இதற்கு ஓர் இயற்பியல் வாசிப்பைக் கொடுத்தார். தாறுமாறாக இயங்கும் ஓர் அமைப்பின் குவாண்டம் மட்டங்களை, அதே அமைப்பின் பழைய இயந்திரவியலில் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவரும் மூடிய பாதைகளைக் கொண்டு எழுதலாம் என்று குட்ஸ்வில்லர் முன்பே காட்டியிருந்தார். சுழியங்களையும் பகா எண்களையும் இணைக்கும் வாய்பாட்டை அதனருகில் வைத்தால், ஒவ்வொரு பகா எண்ணும் ஒரு மூடிய பாதையின் இடத்தில் வந்து அமர்கிறது. அதன் மடக்கை, பாதையைச் சுற்றிவர ஆகும் நேரம். 4, 8 என்ற அடுக்குகள், 2இன் பாதையை இரண்டு முறை, மூன்று முறை சுற்றுவது. காலத்தைத் திருப்பினாலும் மாறாத அமைப்பில் பொதுவாக ஒவ்வொரு பாதைக்கும் எதிர்த்திசையில் ஓடும் துணை ஒன்று இருக்கும். பகா எண்களுக்கு அப்படிப்பட்ட துணை இல்லை. சுழியங்கள் யுரேனியத்தைப் போல் நடந்துகொள்ளாததற்கு இது பொருத்தமாக இருக்கிறது. தொலைவுகளில் ஒட்லிஸ்கோ கண்ட விலகலைச் சிறிய பகா எண்களைக் கொண்டே பெரி 1988இல் கணக்கிட்டு விளக்கினார்.

அமைப்பு எது என்பதுதான் தெரியவில்லை. கோட்டிங்கனில், முதல் உலகப் போருக்கு முன், ரீமன் கருதுகோள் உண்மையாக இருப்பதற்கு இயற்பியல் காரணம் ஏதேனும் உண்டா என்று எட்மண்ட் லாண்டவ் தம்மிடம் கேட்டதாக ஜார்ஜ் போல்யா 1982இல் ஒட்லிஸ்கோவுக்கு எழுதினார்: சுழியங்கள் ஓர் இயற்பியல் சிக்கலின் மெய்யான ஐகன் மதிப்புகளோடு தொடர்புடையவையாக இருந்தால் அதுவே காரணமாகும் என்று தாம் விடை சொன்னதாகவும். அந்தச் சிக்கலை அன்றும் யாரும் காட்டவில்லை, இன்றும் காட்டவில்லை. பிரிவினைகள் அணுக்கருவுக்குள் வந்ததற்குப் பவுலியின் விதி என்ற காரணம் உண்டு. சிக்கலெண் அணிகள் சீட்டா சார்புக்குள் வந்ததற்கு அப்படியொரு காரணத்தை நம்மால் சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே மூச்சில் 'வியப்பான தொடர்பு' என்று எழுதிச் செல்பவர்கள் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறார்கள்.

காரணம் தெரியாத தொடர்பாலும் பயன் உண்டு என்பதைக் கடைசியாக ஒரு கணக்கில் காட்டுகிறேன். ரீமனின் கோட்டில் சீட்டா சார்பின் அளவை 2, 4, 6, 8 என்று அடுக்கேற்றிச் சராசரி எடுப்பது எண் கோட்பாட்டின் பழைய சிக்கல். எளிதில் அறியக்கூடிய பகுதிகளை ஒதுக்கிவிட்டால் ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு முழு எண் எஞ்சுகிறது. இரண்டாம் அடுக்குக்கு அது 1 என்று ஹார்டியும் லிட்டில்வுட்டும் 1918இல் கண்டார்கள். நான்காம் அடுக்குக்கு 2 என்று இங்கம் 1926இல் நிறுவினார். ஆறாம் அடுக்கு எழுபது ஆண்டுகள் பிடிவாதமாக நின்றது. கான்ரீயும் கோஷும் கடினமான எண் கோட்பாட்டு வாதங்களால் அது 42 ஆகலாம் என்று ஊகித்தார்கள், அந்த எண் 1996இல் சியாட்டல் கூட்டத்தில் பேசப்பட்டது. எட்டாம் அடுக்குக்குக் கான்ரீயும் கானெக்கும் வந்தடைந்தது 24,024. இந்த எண்களுக்கிடையே என்ன விதி என்று யாருக்கும் தெரியவில்லை.

பிரிஸ்டலில் ஜான் கீட்டிங்கும் நினா ஸ்நெய்த்தும் வேறு பக்கத்திலிருந்து வந்தார்கள். சீட்டா சார்பைத் தொடாமல், ஐகன் மதிப்புகள் ஒரு வட்டத்தின்மீது அமையுமாறு டைசன் 1962இல் வகுத்துவைத்த வட்ட அணிகளின் சிறப்புக்கோவைக்கு (ஐகன் மதிப்புகளில் சுழியாகும் கோவைக்கு) அதே சராசரியைக் கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கைத் தீர்த்துத் தந்தது செல்பெர்க் 1944இல் நார்வீஜிய மொழியில் எழுதி, நெடுங்காலம் கவனிக்கப்படாமல் கிடந்த ஒரு தொகையீடு. மாண்ட்கோமரி தேடிப்போன அதே செல்பெர்க். கிடைத்த விதியை ஆறாம் அடுக்குக்குப் போட்டுப் பாருங்கள். அடுக்கில் பாதி 3, அதன் வர்க்கம் 9, 9! (1 முதல் 9 வரையிலான எண்களைப் பெருக்கி வருவது) என்பது 3,62,880. இதை 0!, 1!, 2! ஆகியவற்றால் பெருக்கி, 3!, 4!, 5! ஆகியவற்றால் வகுக்க வேண்டும். மேலே 7,25,760, கீழே 6 × 24 × 120, அதாவது 17,280. விடை 42. நான்காம் அடுக்குக்கு 4! என்பதை 0!, 1! ஆகியவற்றால் பெருக்கி 2!, 3! ஆகியவற்றால் வகுத்தால் 24ஐ 12ஆல் வகுத்து 2. எட்டாம் அடுக்குக்கு 16!இல் தொடங்கி இதே வழியில் போனால் 24,024. இரு தரப்பும் தனித்தனியே அடைந்த இந்தக் கடைசி எண் 1998இல் வியன்னாவில் ஒப்பிடப்பட்டு ஒத்துப்போனது. 2000ஆம் ஆண்டு அவர்களுடைய கட்டுரை வெளிவந்தது.

பத்தாம் அடுக்கு, பன்னிரண்டாம் அடுக்கு, எந்த அடுக்கு வேண்டுமானாலும் இந்த விதி ஓர் எண்ணைத் தருகிறது. அதற்குமுன் எண் கோட்பாட்டாளர்களிடம் எட்டாம் அடுக்குக்கு மேல் ஊகம்கூட இருக்கவில்லை. ஆயினும் 1, 2 என்ற முதல் இரண்டையும் தவிர வேறெதுவும் இன்றுவரை நிறுவப்படவில்லை. 42ஐ ஐயமற நிறுவுவதற்குப் பலர் இப்போதும் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.